தீப்பெட்டியை என் கையில் வைத்த மதினிக்கு

மதினி,

ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடிப் பூசை அலமாரியைக் குடைந்தபோது அந்தப் பழைய காலண்டர் கைக்கு வந்தது. சாம்பிராணிப் புகையேறிப் பழுத்துக் கிடக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் என் சிவப்பு மை. உதிரப்போக்கு நாளுக்கு வட்டம், வலியில் எழுந்திருக்க முடியாத நாளுக்குப் பெருக்கல் குறி. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள். ஆனால் என் உடம்பின் கணக்கை ஒருநாளும் எழுதாமல் விட்டதில்லை.

கர்ப்பப்பைச் சுவர் தடித்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு வலி என்று அருப்புக்கோட்டை டாக்டரம்மா சொன்னதும், "எடுத்துப் போட்டுருங்கம்மா" என்றேன். குறுக்கே பேசியது நீங்கள்தான். என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பத்திரண்டு வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, பிறகு எத்தனையோ அவதிப்பட்டவர். "வேற வழி இருக்கான்னு மொதல்ல கேளு. என்னைய மாதிரி அவசரப்படாத."

மருந்து கசியும் லூப் ஒன்றை உள்ளே வைக்கலாம், ஐந்து வருஷம் இருக்கும் என்றார்கள். வைத்த நேரத்தில் உயிர் போய் வந்தது. நான் பிடித்த பிடியில் உங்கள் கவரிங் வளையல் நெளிந்துவிட்டது.

"குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணுனவளுக்கு லூப்பு எதுக்காம்?" என்று எதிர்வீட்டம்மா கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "நம்ம ஊர்ல குடையை மழைக்கா புடிக்கிறோம்? வெயிலுக்குத்தான?"

வலி குறைந்தது. ஆனால் சொட்டுச் சொட்டாகக் கசிவு மட்டும் நிற்கவில்லை. தீட்டோடு விளக்கேற்றக் கூடாதென்று மூன்று மாதம் பூசை அலமாரிப் பக்கமே நான் போகவில்லை. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியதும் மனம் தாங்கவில்லை. லூப்பை எடுக்கச் சொல்லலாமென்று யாரிடமும் சொல்லாமல் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். காய்கறிப் பையோடு வந்த நீங்கள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"வலி குறைஞ்சுருக்கா இல்லையா?"

"குறைஞ்சுருக்கு மதினி. ஆனா ஆத்தாளுக்கு ஒரு விளக்குக்கூட..."

"எடுத்துட்டு வான்னு ஆத்தா உங்கிட்ட வந்து சொன்னாளாக்கும்? அவளும் பொம்பளதான?"

பஸ் வந்தது, போனது. என்னை வீட்டுக்கு இழுத்து வந்து, தீப்பெட்டியை என் கையில் வைத்தீர்கள். "ஏத்து. குத்தம்னா எந்தலையோட போகட்டும்."

கிழித்துக் கிழித்து மூன்று குச்சி வீணானது. நான்காவது பற்றியது. அடுத்த மாதமே கசிவும் நின்றது. வருஷக்கணக்காய் வலியில் முறுக்கிக்கொண்டு கிடந்தவள், பெருக்கல் குறியே இல்லாத காலண்டரை முதன்முதலாகப் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. உங்களைக் குளிப்பாட்டியபோது என் காதில் அந்த ஒரு சொல்தான் கேட்டது. எந்தலையோட போகட்டும். யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. ஆத்தா அப்படிப்பட்டவள் இல்லை என்று ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பல நாள் குச்சியைக் கிழிக்காமல் கையில் வைத்தபடியே நின்றிருக்கிறேன்.

ஐந்து வருஷம் முடிந்து, நேற்றுப் புது லூப் வைத்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்தேன். இன்று காலை மறுபடி கசிவு. காலண்டரில் வட்டம் போட்டேன். குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினேன். ஒரே குச்சி.

அன்று நீங்கள் சொன்ன சொல்லை உங்களிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன் மதினி. குற்றம் என்று ஒன்று இருந்தால், அது என் தலையோடு போகட்டும்.