சுவரில் மாட்டிய வெள்ளாறு

அமுதவல்லிக்கு,

நலம்தானே? முதுகுவலி தேவலையா? என் போன் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரு வேடிக்கை. நாங்கள் தங்கும் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தோல் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டி. சுவரில் முழ நீளத்துக்கு ஒரு விரிசல். மேஸ்திரி பாண்டியன் என்னிடம், "வெளிநாட்டு பார்ட்டி வர்றாங்க. நீதான் நல்லா வரைவியே, ஒரு படம் போட்டு மறைச்சிடு" என்றார். பாப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த வாட்டர் கலரில் நம் ஊர் வெள்ளாற்றை வரைந்து மாட்டினேன். அலையில்லாத தண்ணீர், மூன்று படகுகள், அதில் ஒன்று உன் அண்ணனுடையது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வாரம் படத்தில் ஆறு கீழிருந்து பழுப்பாகிக்கொண்டே வருகிறது. உன் அண்ணனின் படகு கரைந்தே போய்விட்டது. நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. என் பாய் படத்துக்கு நேர் கீழே, ஓரமெல்லாம் ஈரம். நீலக் கலர் நிறைய வாங்கி வை. "இன்னொண்ணு போடுப்பா, இந்த வாட்டி கதவு சைஸ்ல" என்கிறார் பாண்டியன்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

கலியமூர்த்தி