என் குரலில் தாவீதின் பாட்டு

9-11-1970
தாவீது ஐயம்பேட்டை அரிசி மில்லிலிருந்து நேரே என் தையல் கடைக்கு வந்தான். தலையெல்லாம் உமி. லாவணி மேடையில் பன்னிரண்டு வருஷமாக என் எதிராளி. சிவன் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்பது என் கட்சி. எரியவில்லை என்பது அவன் கட்சி. அவன் பாட்டிலேயே கேட்பான், நான் பாட்டிலேயே பதில் சொல்வேன். மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனி எங்கள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தன் பெயரும் போட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டான்.

19-11-1970
தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தானாம். தாவீது தன் பாட்டில் பாதியைத் தானே குறைத்துக்கொண்டான். நான் இரண்டு வரிதான் விட்டேன்.

2-12-1970
காலை பஸ்ஸில் மெட்ராஸ். ஒலிப்பதிவு அறையில் ஒரே குளிர். ஒரே மைக்கு. தாவீதுக்கு நின்ற இடத்தில் நின்று பாட வராது. ஜனங்களைப் பார்த்துத் திரும்பித் திரும்பித்தான் பாடுவான். குரல் மைக்கை விட்டு விலகியது. மூன்று தரம் பாழ். நாலாவது தரம் வரியே மறந்துபோனான். ஒலிப்பதிவு இன்ஜினீயர் என்னைத் தனியே கூப்பிட்டு, அவர் பாட்டும் உங்களுக்குத் தெரியுமா என்றார்.

தெரியும் என்றேன்.

இரண்டு பேர் பாட்டையும் நானே பாடினேன். தாவீது ஓரமாக உட்கார்ந்து தன் டேப் மேளத்தை அடித்தான். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

3-12-1970
இன்னொரு தரம் பாடிப் பாக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாய்ல என்ன இருந்தது எனக்கு?

7-2-1971
தட்டு வந்தது. 'லாவணி — காசிநாதன்.' என் பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறது. ஆள் அனுப்பித் தாவீதை வரவழைத்தேன். ரேடியோ கடையில் நின்றுகொண்டே முழுதும் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்குதுபா. கேள்வியும் நீயே கேட்டு, பதிலும் நீயே சொல்லிக்கினியே. எதிர்ல யாரு இருந்தது?"

பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுகிறேன் என்றேன். சரிப்பா என்றான்.

20-2-1971
எழுதவில்லை. இன்றும்.

28-2-1971
தென்னேரிக் காமன் பண்டிகைக்கு அவனைக் கூப்பிட ஏனாத்தூர் போனேன். அவர் இல்லீங்க என்றாள் அவன் பெண்சாதி பூவம்மாள். வாசலில் அவன் செருப்பு கிடந்தது.

12-3-1971
தென்னேரியில் தாவீது பாடினான். எதிர்க்கட்சியில், என் இடத்தில், அவனோடு மில்லில் வேலை செய்யும் ராஜவேலு. நான் கூட்டத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாவீது ஜனங்கள் பக்கம் திரும்பித் திரும்பி, 'எரிந்தவன் சாம்பல் எங்கே, காட்டு' என்று பாடினான். புதுக் கேள்வி. எனக்குப் பதில் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ராஜவேலு வேறொரு பதில் பாடினான்.

நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட அது நன்றாக இருந்தது. தாவீது சிரித்துவிட்டான்.