பல் ஆஸ்பத்திரிச் சுவரில் ராமநாதபுரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒருவழியாக ராமநாதபுரத்தை முடித்துவிட்டேன். கான்வாஸில்தான். இடது பாதியில் அரண்மனை வாசல், பேருந்து, வாழைப்பழ வண்டி எல்லாம் உள்ளபடியே. வலப்பக்கம் போகப் போக ஊர் கரைந்து வெறும் வண்ணக் கட்டங்கள். உச்சிவெயிலில் எனக்கு ஊர் அப்படித்தான் தெரிகிறது.

மாமியார் வந்து நின்று பார்த்தார். "இந்தப் பக்கம் பெயிண்ட் கொட்டிருச்சா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என்னோடு பள்ளியில் படித்த சண்முகவள்ளி பல் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் என் படம்! முதல் முறையாக வீட்டைத் தாண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வள்ளி போன் செய்தாள். "அடியே, வாரவங்க எல்லாம் மீதியை எப்ப வரைவாங்கன்னு கேக்குறாங்க. அந்தப் பக்கமும் நாலு வீடு, ரெண்டு மரம் போட்டு முடிச்சிரேன்."

முடித்துத்தானே கொடுத்தேன்? ஆனால் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஏன் சொன்னேன் — லூசு மாதிரி!

ஆகஸ்ட் 9, சனி

பிரஷ், பெயிண்டோடு போனேன். படத்துக்கு முன்னால் சண்டை.

கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் மஞ்சள் கட்டத்தைக் காட்டி, "இது எங்க வீடு. போன வருசந்தான் மஞ்சள் அடிச்சோம்" என்கிறார்.

வாயில் பஞ்சோடு ஓர் அம்மா விடவில்லை. "இங்கன பாருங்க, கேணிக்கரையில மஞ்ச வீடு எங்களுது மட்டுந்தான்."

"இந்தா, வரைஞ்சவளே வந்துட்டா" என்று வள்ளி என்னை மாட்டிவிட்டாள்.

அது யார் வீடும் இல்லை. அங்கே மஞ்சள் வேண்டும் போலிருந்தது, வைத்தேன். இதை எப்படிச் சொல்ல? "உங்களுக்கு யார் வீடாத் தெரியுதோ அவங்க வீடுதான்" என்றேன்.

"அப்ப எங்க வீடுதான்" என்றார்கள் இருவரும்.

வள்ளியிடம் சொல்லிவிட்டேன். "இதுல ஒரு சன்னல் வச்சாலும் யாராவது ஒருத்தர் வீடு போயிரும். நான் தொட மாட்டேன்."

அவள் பெரியவரை உள்ளே கூப்பிட்டாள். "இருங்க டாக்டரம்மா, அந்தச் செவப்பு யாருதுன்னு பார்த்துட்டு வாரேன்" என்றார் அவர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படத்தைத் தொடவில்லை. தொடவே இல்லை!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாமியார் பல்வலி என்று வள்ளியிடம் போய்விட்டு, நெடுநேரம் கழித்துத் திரும்பினார். பல்லில் ஒன்றும் இல்லையாம். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அஃபீஃபா, அடுத்து எங்க தேவிபட்டினத்தை வரை. கடல், பள்ளிவாசல், எங்க உம்மா வீடு எல்லாம் அச்சு அசலா அப்படியே இருக்கணும்."

"எல்லாமே அப்படியேவா, மாமி?"



"என் தம்பி வீடு மட்டும் கலங்கலா இருக்கட்டும்."