புயல் ஆண்டுச் சிக்கனம்

ஆண்டு 31, நாள் 96. 09:10
செவ்வாய்க் குடியிருப்பு, நிதிப் பிரிவு. எழுதுபவர் நிதி அலுவலர் மங்கையர்க்கரசி. வானம் தெளிவு. மக்கள்தொகை 1,140. பனிச்சுரங்க வருமானம் இதுவரை காணாத உச்சம். ஆனாலும் வரவை விடச் செலவு பன்னிரண்டு சதவீதம் அதிகம். இப்போதே சரிசெய்வோம் என்றேன். தலைவர் கோவர்த்தனன் சிரித்தார்: "நல்லா போயிட்டிருக்கும்போது எதுக்கும்மா ஜனங்க வயித்துல அடிக்கணும்?" வரியை இன்னும் குறைத்தார்கள்.

ஆண்டு 32, நாள் 210. 11:40
தூசிப்புயல், நாற்பதாவது நாள். வருமானம் பாதி. இப்போதுதான் தலைவர் கண்ணில் பற்றாக்குறை படுகிறது. "இந்த மாசமே அடைச்சாகணும்." புயல் ஓயும்வரை கடன் வாங்கியாவது ஓட்டுவோம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். நான்காவது முறை எழுதவில்லை. வெட்டுப் பட்டியலில் கையெழுத்திட்டேன். வடக்கு நீரேற்று நிலையத்தின் இரண்டு பணியாளர்களில் ஒருவர் நீக்கம். இரண்டு மீட்பு வண்டிகளில் ஒன்று நிறுத்தம்.

நாள் 223. 14:05
வடக்கு நிலையத்தில் சுவர் விரிசல். உள்ளே காற்று போய்விட்டது. மீதியிருந்த ஒரே பணியாளர் சவரிமுத்து தனியாக இருக்கிறார். உடுப்பில் இரண்டு மணி நேரக் காற்று. மிச்சமிருக்கும் ஒரே மீட்பு வண்டி கிழக்கே போயிருக்கிறது, வர நான்கு மணி நேரமாகும். வானொலியில் அவர்: "வால்வுல இருந்து கைய எடுத்தா மூடிக்குது மேடம். காத்து சிலிண்டர் அந்தக் கோடியில கிடக்கு. இன்னொரு ஆளு இருந்தா எடுத்துக் குடுத்திருப்பான்."
விட்டுவிட்டுப் போய் எடுங்கள் என்று கத்தினேன்.
"விட்டா லைன் மொத்தமும் உறைஞ்சிரும். அத்தனை பேரும் தண்ணிக்கு எங்க போவாங்க?"

நாள் 223. 16:20
"ரோசலின்கிட்ட சொல்லிடுங்க மேடம்" என்றார். ரோசலின் அவர் மனைவி. என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாள் 224. 08:30
வண்டி 18:10-க்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கையை வால்விலிருந்து பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். குழாயில் தண்ணீர் வருகிறது. காலையில் நானும் குடித்தேன். குடித்துவிட்டேன்.
இதை யார் கண்டெடுத்தாலும்: எங்கள் கையில் ஒரு நல்ல ஆண்டு இருந்தது.

நாள் 230. 10:15
புயல் ஓய்ந்தது. பற்றாக்குறை அடைபட்டது. தலைவர் அறிக்கை கேட்கிறார். எழுத வரவில்லை.
வெளியே ரோசலின். "மேடம், அவரு கடைசியா என்ன சொன்னாரு?" சொல்லி முடிக்கவில்லை என்று சொல்லலாம். அடுத்து, ஏன் அங்கே தனியாக இருந்தார் என்று கேட்பாள். வெட்டுப் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது.
மறுபடியும் தட்டுகிறாள். திறக்கப் போகிறேன்.