இடது கையெழுத்து

அன்புத் தங்கைக்கு,

கோழி கிளறியது போல எழுத்து இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். பக்கவாதத்தில் வலது கை விழுந்து நாலு மாதமாகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என் மகளிடம் நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பயிற்சி கொடுக்க வரும் பெண் இரட்டை வரி நோட்டில் என்னை ‘அ’ எழுதச் சொல்கிறாள். போன வாரம், “பாட்டி, சுழி சூப்பரா வந்திருக்கு!” என்று கை தட்டினாள்.

“கோணலா இருக்கு. பொய் சொல்லாதேம்மா” என்றேன். அவள் போனதும் நோட்டை விட்டெறிந்தேன். பிறகு நானே தட்டுத்தடுமாறிக் குனிந்து எடுத்தேன்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. கான்வென்டில் மதர் உன் இடது கையை ரிப்பனால் நாற்காலியோடு கட்டியபோது உனக்கு ஏழு வயது. நீ அழவே இல்லை. மூன்றே மாதத்தில் வலது கைக்குப் பழகி, வருஷாவருஷம் நான் வாங்கிய கையெழுத்துப் பரிசையும் தட்டிக்கொண்டு போனாய். பரிசு கிடக்கட்டும். ஏழு வயதில் உனக்கு இருந்த பொறுமை எழுபத்தாறில் எனக்கு இல்லையே என்றுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

மதரிடம் போய்ச் சொன்னவள் நான்தான். உன் இடது கை எழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பதிலை நீயும் இடது கையாலேயே எழுது. யார் எழுத்து அழகு என்று இந்த முறை நியாயமாகப் பார்த்துவிடலாம்.

உன் அக்கா