இடப்பக்கத்து வழி

அலமாரியை ஒழித்தபோது அந்தக் கையடக்க வீடியோ கேம் கிடைத்தது. பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், எதிரே நீ உட்கார்ந்து பென்சில் சீவுவது போலிருந்தது. நீ போன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் நம் சின்னக் கம்பெனி. பெங்களூர்க் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியில், ஒரு பொம்மை சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும். அந்த ஆட்டத்தைத் தீப்பெட்டி அளவுத் திரைக்குள் கொண்டுவர வேண்டும். நீ கட்டம்போட்ட தாளில் பாதை வரைவாய். நான் அதைப் புரோகிராமில் ஏற்றுவேன். பட்டம் இல்லாமல் புத்தகம் பார்த்துக் கற்றவன் நான். சரியாக வராவிட்டால் பெங்களூரிலிருந்து இன்ஜினியரைக் கூட்டி வருவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பாதை திரைக்குள் அடங்கவில்லை. எதை வெட்டுவது என்று நமக்குள் இரண்டு நாள் சண்டை. கடைசியில், மேலே மார்க் காட்ட இடம் வேண்டுமே என்று மெஷின் சத்தத்தை மீறிக் கத்தினேன்: "எடம் விட்டுடுப்பா!"

உன் வீட்டில் தெலுங்கு. எடம என்றால் உனக்கு இடப்பக்கம். அதையே வெட்டிவிட்டாய்.

வலது வழியில் நுழைந்தால் இடது வழியில் வெளிவர வேண்டும். அதுதான் அந்த ஆட்டம். முதலாளி ஆடிப் பார்த்தார். உள்ளே போன பொம்மை வெளியே வரவேயில்லை.

"யார் வேலைய்யா இது?"

"அவன் வரைஞ்சதுங்க," என்றேன்.

நீ தாளைச் சுருட்டிக்கொண்டாய். வெளியே வந்துதான் சிரித்தாய். "ஏமண்ணா, நீ சொன்னது எடம், நான் கேட்டது எடம. நடுவுல ஒரு புள்ளிதான். அதையும் நம்ம பொம்மை தின்னுடுச்சு."

"நக்கல் பண்ணாத. தமிழ்ல சொன்னா தமிழ்ல கேக்கணும்."

மறுநாள் உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த வாரமே நின்றுவிட்டாய். அடுத்த மாதம் இன்ஜினியரும் வந்துவிட்டார்.

நான் சொன்ன சொல் சரியான சொல்தான். அதில் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உன் தாளைக் கட்டம் கட்டமாகப் பார்த்து ஏற்றியவன் நான். திரைக்குள் அடங்கிவிட்ட சந்தோஷத்தில், அடைபட்ட வழியை நான் கவனிக்கவில்லை. இதை முதலாளியிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் எப்போதும் கூட்டம். இந்த வயதிலும் யாரிடமும் "எடம் விடுங்க" என்று கேட்க வாய் வருவதில்லை. ஓசூர் வரை நின்றுகொண்டேதான் வருகிறேன்.