முகம் தெரிகிற மாதிரி

9-8-1998, ஞாயிறு

என் ஓவியக் கண்காட்சி இன்றோடு முடிந்தது. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அத்தான், அக்காவின் கணவர், மத்தியானம் வந்திருந்தார். அக்கா இறந்தபின் நான் வரைந்த பெரிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். முழுக்க நீலம், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. அக்காவின் கடைசி நாளில் ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் பார்த்த விடியல் அது. படத்துக்குப் பெயர் எழுதவில்லை. சொல்லாமலே தெரியவேண்டும் என்று ஒரு வீம்பு.

"எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல, மீனா. நீ வரைஞ்சதில்லா, நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

காலையில் ஒரு விமர்சகர் இதே படத்தை வாயாரப் பாராட்டினார். அவருக்கு அக்காவைத் தெரியாது.

அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க அக்காவ ஒரு படம் வரைஞ்சு தருவியா? மொகம் தெரியுத மாதிரி. வீட்டுல மாட்டணும்."

'இதுதான் அக்கா' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் எனக்காகத் தலையாட்டுவார். சரி என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கே எட்டாத படத்தை யாருக்காக வரைந்தேன்? ராத்திரி சாப்பிட்டதிலிருந்து பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன். நாலு தாள் கிழித்தாயிற்று. கண் வருகிறது, மூக்கு வருகிறது. அக்கா வரவில்லை.